வேணும்னா எங்க வக்கீலக் கேளுங்க

சாட்சியச் சட்டத்துக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள், பிரிவுகளின் எண்களும் மாறிவிட்டன என்று டிவியில் சொன்ன அன்று, பிள்ளைகளே, நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "பழைய சட்டந்தான் போயிடுச்சேப்பா, இனிமேலாவது சொல்லலாம் இல்ல?" என்று பெரியவன் கேட்டான். வேலை பார்த்த காலம் முழுக்க வக்கீல் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, வீட்டில் ஒரு வழக்கைப் பற்றிக்கூட வாயைத் திறக்காத அப்பா என்பது உங்களுக்கு நெடுநாள் குறை.

எண்தான் மாறியிருக்கிறது. கட்சிக்காரர் தன் வக்கீலிடம் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்பது அப்படியே இருக்கிறது. அவரிடம் வேலை செய்யும் குமாஸ்தாவும் சொல்லக் கூடாது. வழக்கு முடிந்தாலும் கூடாது, கட்சிக்காரர் காலமானாலும் கூடாது.

ஆனாலும் ஒரு வழக்கைச் சொல்லலாம். அதில் கட்சிக்காரரே கூண்டில் ஏறித் தன் பூட்டைத் தானே திறந்துவிட்டார். கீழே நான் எழுதுவதெல்லாம் ஒன்று கோர்ட்டில் எல்லோர் முன்னிலும் வந்தது, இல்லையென்றால் அவரே டீக்கடையில் சொன்னது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்து, சர்க்கரை ஆலையில் வேலை கேட்டு அலைந்து, கிடைக்காமல், கள்ளக்குறிச்சியில் வக்கீல் தெய்வநாயகம் ஐயாவிடம் சேர்ந்தேன். வக்காலத்து எழுதவும், வாய்தா தேதி குறிக்கவும், பெஞ்ச் கிளார்க் எரிந்து விழுந்தால் சிரித்துக்கொண்டு நிற்கவும் கற்றதில் முதல் சில வருஷங்கள் போயின. அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

ஐயா குள்ளமான மனிதர். குரலும் சின்னது. கோர்ட்டில் அவர் பேசினால் எதிர்க்கட்சி வக்கீல் காதைச் சாய்த்துக் கேட்க வேண்டும். ஆபீசில் புதுக் கட்சிக்காரர் வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். எங்கள் பக்கத்தில் யாரும் வக்கீலிடம் தனியாக வர மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மாமன், மச்சான், சித்தப்பா, ஊரில் நாலு எழுத்து படித்தவர், வேனை ஓட்டி வந்தவர் எல்லோரும் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கமாகக் கதை சொல்வார்கள். வழக்கு யாருடையதோ அவர் பெஞ்சில் இடமில்லாமல் கதவோரம் நின்றுகொண்டிருப்பார்.

"எல்லாரும் போயி டீ சாப்புட்டு வாங்க" என்பார் ஐயா.

"இருக்கட்டும் சார், குடிச்சிட்டுத்தான் வந்தோம்."

"இன்னொண்ணு சாப்புடுங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். சொந்த மாமனாரை வெளியே அனுப்பியதற்காக வழக்கையே வேறு வக்கீலிடம் கொண்டுபோனவர்கள் உண்டு. ஐயா கவலைப்படமாட்டார். கதவைச் சாத்தி, மேஜை ஃபேனைப் போடுவார். அந்த ஃபேன் மாவு மில் மாதிரி இரையும், காற்று பேருக்குத்தான் வரும். நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னபோது, "காத்துக்கா வச்சிருக்கேன்?" என்று கேட்டார். பிறகு கட்சிக்காரரைப் பார்த்து, "நடந்தத நடந்தபடி சொல்லு. நல்லா இருக்கறத நான் கோர்ட்டுல சொல்லிக்கிறேன்" என்பார். முதல் தடவை நானும் மரியாதைக்கு எழுந்தேன். "நீ எங்க போற? சட்டத்துல நீ என் காது மாதிரி. காது தனியா எழுந்து போவுமா?" என்று உட்காரவைத்தார்.

திருநாவலூரில் ஒரு கல்யாணப் பந்தி. பாகப் பிரிவினை வழக்கு ஒன்றில் எங்கள் கட்சிக்காரருடைய பங்காளி, ஐயாவுக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். "சார், எங்க அண்ணன் வழிக்கு வருவாரா? உங்ககிட்ட இன்னா சொல்றாரு?" என்று கேட்டார். ஐயா, "ரசம் பிரமாதம்" என்றார். அவர் விடாமல் கேட்டார். ஐயா விடாமல் ரசம் வாங்கினார். மறுநாள் வயிறு சரியில்லை என்று கோர்ட்டுக்கு வரவில்லை.

நானும் அந்த வித்தையை வீட்டில் வைத்துக்கொண்டேன். உங்கள் அம்மா எந்த வழக்கைப் பற்றிக் கேட்டாலும், "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்பேன். கல்யாணமான புதிதில், எனக்கு உஷ்ண உடம்பு என்று நினைத்துத் தினமும் மோர் கொடுத்தாள்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்றைச் சொன்னால், அதை முன்பே யாரிடம் சொன்னோம் என்று அவரைச் சாட்சிக்கு இழுப்பார்கள். "நான் அப்பவே சொன்னேன், வேணும்னா தையக்காரரக் கேளு" என்பார்கள். யாரும் போய்த் தையல்காரரைக் கேட்பதில்லை. ஊரில் அது ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

இனி வழக்குக்கு வருகிறேன். படிப்பிலும் வேலையிலும் ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷங்கள் அவை. மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். பஸ் இல்லை, ஆலைக்குக் கரும்பு போகவில்லை, கோர்ட்டுக்குச் சாட்சி வரவில்லை. கோரிக்கை பெரியது. அதற்காக அடிபட்டவர்களும் உயிர் விட்டவர்களும் உண்டு. அதன் பலனில்தான் உங்களில் இரண்டு பேர் காலேஜ் வாசலை மிதித்தீர்கள். அதை மறந்துவிட்டு இந்தக் கதையைப் படிக்க வேண்டாம்.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில், சாலையோரப் புளியமரம் ஒன்றை யாரோ வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். மறியல் முடிந்த மறுநாள் போலீஸ் வந்தது. வழியைத் திறக்க வேண்டும். கோடாலி வைத்திருப்பவன் யார் என்று கேட்டு, முருகேசன் என்ற கூலிக்காரனை அழைத்து வந்தார்கள். அவன் மத்தியானம் வரை வெட்டி மரத்தை அப்புறப்படுத்தினான். ஜீப் போக வழி வந்ததும், அவனையும் கோடாலியையும் அதே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "மரத்த வெட்னியாடா?" என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "வெட்னேங்க" என்றான்.

அந்த வழக்கில் முதல் எதிரி முருகேசன் அல்ல. எங்கள் கோர்ட்டுகளில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் எழுதுவோம். முதல் எதிரி, முருகேசன் யார் நிலத்தில் கூலி வேலை செய்தானோ அந்தக் கலியபெருமாள். கரும்பு விவசாயி, வெள்ளை வேட்டி, கனத்த மீசை. மறியல் வாரம் முழுக்க அவரை ஊரில் கண்டவர் இல்லை. பிறகு ஒரு நாள் காலையில் டீக்கடைக்கு வந்து, "அந்த மரத்த சாச்சது யாருன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க? முன்னால நின்னு சாச்சதே நான்தான்" என்றார். பக்கத்துப் பெஞ்சில் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

கலியபெருமாள் ஜாமீனில் வந்ததும் எங்கள் ஆபீசுக்கு இரண்டு டிராக்டர் ஆட்களோடு வந்தார். எல்லோரையும் ஐயா டீ குடிக்க அனுப்பினார். ஃபேன் ஓடியது. கலியபெருமாள் பேசினார். என்ன பேசினார் என்பதை அது வெளியே வந்த இடத்தில் சொல்கிறேன். கதவு திறந்தபோது அவர் மீசை கொஞ்சம் இறங்கியிருந்தது. வெளியே டிராக்டர் ஆட்களைப் பார்த்ததும் திரும்பவும் ஏறிக்கொண்டது. இதைத் தெருவில் எல்லோரும் பார்த்தார்கள்.

முருகேசனுக்குக் கோர்ட் தரப்பில் இலவசமாக ஒரு வக்கீல் கிடைத்தார். மங்கையர்க்கரசி என்று, புதிதாகப் பதிவு செய்துகொண்ட பெண். பார் ரூமில் அவருக்கு நாற்காலிகூட ஒதுக்கவில்லை. புத்தகத்தோடு வேப்ப மரத்தடியில் நிற்பார்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் முருகேசன் கோர்ட் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து குந்திக்கொள்வான். கரும்பு வெட்டுக் காலம். வாய்தாவுக்கு வந்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. அடிக்கடி வராமல் போனதால் மேஸ்திரி அவனை வெட்டு ஆட்களில் சேர்க்கவே யோசித்தார். வீட்டில் கைக்குழந்தை. தண்டனை என்றால் ஜெயில்.

"அண்ணே, வெட்டச் சொன்னவங்களே புடிச்சிக்கினு போறாங்களே. இனிமே நான் யாரக் கேட்டு கோடாலிய எடுக்கறது?" என்பான். சிரிப்பான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க மொதலாளி அன்னிக்கு ஊர்லயே இல்லன்னு எங்க வூட்டுக்காரி சொல்றா. உங்ககிட்ட இன்னாண்ணே சொன்னாரு?" என்பான்.

"வெயில் ஜாஸ்தி முருகேசா."

"ஆமாண்ணே" என்பான், பாவம்.

அரசுத் தரப்புச் சாட்சிகள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கிராம அலுவலர் மரத்தைப் பார்த்தாராம், மனிதரைப் பார்க்கவில்லையாம். டீக்கடைக்காரர், "என் கடையில எல்லாரும் எல்லாத்தியும் சொல்லுவாங்க சார். நான் டீ ஆத்தறதோட சரி" என்றார். இரண்டு பேருக்கும் விடுதலை என்று பார் ரூமில் பேச்சு வந்துவிட்டது. முருகேசன் முதல் தடவையாகத் தன் வக்கீலம்மாவைப் பார்த்து நன்றாகச் சிரித்தான்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. சாட்சி இல்லாததால் விடுதலை என்றால், கலியபெருமாள் மறியலில் இருந்ததற்கும் சாட்சி இல்லை என்றாகிவிடும். அது அவருக்குப் பொறுக்கவில்லை. தானே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வேன் என்று கிளம்பினார்.

எதிரி தானாக எழுதிக் கேட்டால்தான் அவரைச் சாட்சியாக ஏற்றலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஐயா தடுத்துப் பார்த்தார். இதை நான் சொல்லவில்லை, கலியபெருமாளே டீக்கடையில் சொன்னது: "எங்க வக்கீலு பயப்புடறாரு. ஏறாத, ஏறினா கதவு தொறந்துக்கும்ங்கறாரு. இன்னா கதவு? எனக்கு இன்னா பயம்?" கடைசியில் மனுவை நான்தான் டைப் அடித்தேன். கலியபெருமாள் கையெழுத்துப் போட்டு, மையை ஊதி ஊதிக் காயவைத்தார்.

அன்றைக்கு டிராக்டர்கள் கோர்ட் காம்பவுண்டுக்கு வெளியே வரிசையாக நின்றன. வராந்தா, ஜன்னல் எல்லாம் அவர் ஊர் ஜனம். மாஜிஸ்திரேட் தொண்டைக் கரகரப்புக்கு எப்போதும் ஒரு கிராம்பை வாயில் ஒதுக்கிவைத்திருப்பார். டவாலி மூன்று முறை பெயரைக் கூப்பிட, கலியபெருமாள் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார்.

ஐயா எழுந்து பெயர், ஊர், தொழில் கேட்டார். "கோர்ட்டுக்குச் சொல்ல நெனைக்கறத சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பார் ரூமில் ஒருத்தருக்கும் புரியவில்லை.

கலியபெருமாள் மாஜிஸ்திரேட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தே பேசினார். "அன்னிக்கு முன்னால நின்னது நான்தான் சார். ஜனமெல்லாம் எம் பின்னால. ஆனா மரத்த நான் தொடல. அது கவர்மெண்டு மரம், வெட்டாதீங்கடான்னு தடுத்தேன். இந்த முருகேசன் கேக்கல. கோடாலிய எடுத்துக்கினு வந்து வெட்டிப்புட்டான். எங் கண்ணால பாத்தேன்."

அவருடைய கணக்கு எனக்குப் புரிந்தது. போராட்டத்துக்குத் தலைவர், சட்டத்துக்கு நல்லவர். இரண்டும் கிடைக்க வேண்டுமானால் மரத்தை வெட்ட ஒரு ஆள் வேண்டும். முருகேசன் எதிரிக் கூண்டிலிருந்து அவரைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. முதலாளி இப்படிச் சொன்னால் அதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று யோசிப்பவன் மாதிரி நின்றான்.

நான் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது பொய் என்று நிச்சயமாக வேறு யாருக்கும் தெரியாது. ஐயாவுக்கும் எனக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேரையும் சட்டம் வாயைக் கட்டி உட்காரவைத்திருந்தது.

மங்கையர்க்கரசி குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"முருகேசன் வெட்டினத நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"இத்தனை நாளா இத நீங்க யார்கிட்டயும் சொன்னதா எங்கயும் இல்லையே?"

"சொல்லணும்னு இன்னா?"

"அப்ப, உங்க தலைய காப்பாத்திக்கறதுக்காக இன்னைக்குக் கூண்டுல நின்னு கட்டின கதை இதுன்னு சொல்றேன்."

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். கலியபெருமாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னாம்மா, நானா கத கட்றேன்? கேஸு போட்ட மொத வாரமே எங்க வக்கீல்கிட்ட இப்பிடியேதான் சொல்லியிருக்கேன். வேணும்னா எங்க வக்கீலக் கேளுங்க! தோ, குமாஸ்தாவும் கூடத்தான் இருந்தாரு!"

ஐயா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

ஊர்ப் பேச்சில் அதற்குப் பிறகு யாரும் போய்க் கேட்க மாட்டார்கள். இது கோர்ட். வக்கீலம்மா கேட்டார்: "சரி, வக்கீல்கிட்ட சொன்னதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அன்னைக்கு அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

ஐயா எழுந்தார். அந்தச் சின்னக் குரலில், நான் அதுவரை கேட்டிராத வேகத்தில் வாதாடினார். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை யாரும் கேட்கக் கூடாது, கேட்டால் நாளை ஒரு மனிதனும் வக்கீலிடம் வாயைத் திறக்க மாட்டான் என்றார். அவர் காத்துக்கொண்டிருந்த ரகசியம் வெளியே வந்தால், அவருடைய கட்சிக்காரருக்கே விடுதலை உறுதி. வராமல் இருக்கத்தான் அவர் அப்படி மூச்சைப் பிடித்து நின்றார்.

மாஜிஸ்திரேட் கிராம்பை அடுத்த கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். "வக்கீல் சொல்லக் கூடாது, சரி. குமாஸ்தாவும் கூடாது. நானும் அவங்களக் கேக்கப்போறதில்ல. ஆனா இவரு தானா விரும்பி கூண்டுல ஏறியிருக்காரு. வக்கீல்கிட்ட சொன்னத இவரே சாட்சிக்கு இழுத்திருக்காரு. இவரு சாட்சியத்த வெளங்கிக்கறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுக்கு இவரையே கேக்கலாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. கேளும்மா."

"மறியல் அன்னைக்கு எங்க இருந்ததா வக்கீல்கிட்ட சொன்னீங்க?"

கலியபெருமாள் ஜன்னலைப் பார்த்தார். ஊரே நின்றது. ஐயாவைப் பார்த்தார். ஐயா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

"மலையில."

"சத்தமா சொல்லுங்க."

"கல்ராயன் மலையில இருந்தேன்னு சொன்னேன். வெள்ளிமலப் பக்கம், புளி வாங்கற ஆளு வூட்ல. போலீசு வேனு வருதுன்னாங்க... மொத நாளே போயிட்டேன்."

"மறியல் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரேடியோவுல கேட்டேன்."

"முருகேசன் வெட்டினதும் ரேடியோவுல வந்துச்சா?"

டவாலி "சைலன்ஸ்" என்று கத்த வேண்டியதாயிற்று.

"வக்கீல்கிட்ட சொன்னது நெசமா, இங்க சொன்னது நெசமா?"

கலியபெருமாள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, "அங்க சொன்னதுதாம்மா" என்றார்.

"மலைக்குப் போனதுக்கு வேற காரணம் ஏதாவது சொன்னீங்களா?"

மாஜிஸ்திரேட் கையைத் தூக்கினார். "அது வேணாம்மா. அங்க இருந்தாரா, மரம் வெட்னத பாத்தாரா, அதுதான் வேணும். வந்துடுச்சு. உக்காருங்க."

இரண்டு பேருக்கும் விடுதலை. முதல் எதிரி அந்த இடத்திலேயே இல்லை. இரண்டாம் எதிரி வெட்டியது போலீஸ் சொல்லி, வழி திறக்க என்பதை மறுக்க ஒரு சாட்சியும் மிச்சமில்லை. அதே கூண்டில் அதே நாளில் உண்மையை ஒப்புக்கொண்டதால் பொய்ச் சாட்சிக்கு நடவடிக்கை இல்லை என்று கலியபெருமாளை எச்சரித்து அனுப்பினார்கள்.

வெளியே வந்து பார்த்தால் டிராக்டர்கள் இல்லை. அவரை விட்டுவிட்டே போய்விட்டார்கள். கலியபெருமாள் என்னை ஓரமாக அழைத்தார்.

"இதுக்கு அப்பீலு உண்டா?"

"உங்கள விட்டுட்டாங்களேங்க?"

"அதுக்குத்தான் கேக்கறேன்."

அவர் தேர்தலில் நிற்கவில்லை. மலைக்குப் போன காரணத்தைக் கேட்க வேண்டாம் என்று மாஜிஸ்திரேட் மூடிவிட்டார் இல்லையா, அந்த இடத்தை ஊரார் தங்கள் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டார்கள். மலையில் அவருக்கு இன்னொரு குடும்பம் என்றார்கள். சாராய ஊறல் என்றார்கள். புதையல் தோண்டுகிறார் என்றுகூடச் சொன்னார்கள். சட்டம் அவருக்குக் கொடுத்த பாதுகாப்பு அப்படி வேலை செய்தது. அந்தப் போராட்டத்தால் கிடைத்த ஒதுக்கீட்டில் அவர் மகனும் பின்னாளில் படித்து வேலைக்குப் போனான். அதற்கு அவர் வாழை மரம் கட்டி விருந்து வைத்தார்.

அன்றைக்கு ஃபேன் இரைச்சலில் கலியபெருமாள் மலைக்குப் போனதற்கு வேறு காரணம் சொன்னாரா இல்லையா என்று உங்கள் அம்மா இன்றைக்கும் கேட்கிறாள். நீங்களும் கேட்பீர்கள். கோர்ட் கேட்ட அளவு வரைதான் கதவு திறந்தது. ஐயா போய்விட்டார், கலியபெருமாளும் போய்விட்டார். காது மட்டும் பாக்கி இருக்கிறது.

தீர்ப்புக்குச் சில நாள் கழித்து முருகேசன் ஆபீசுக்கு வந்தான். கோர்ட்டில் இருந்த கோடாலியைத் திரும்ப வாங்க வக்கீலம்மா மனுப் போட்டிருந்தார், அதை வாங்கிக்கொண்டு நேராக வந்திருந்தான். உள்ளே வரச் சொன்னேன். வராமல் வாசற்படியில் குந்தி, கோடாலியை மடிமேல் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. மொதலாளி மலையில இருந்தது உங்களுக்கு மொதல்லயே தெரியும் இல்ல? வாய்தாவுக்கு வாய்தா நான் உங்க பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேனே. எம் பேர அவரு சொன்னப்பகூட நீங்க எழுந்திருக்கலியே."

அவன் கேட்டதற்குச் சட்டத்தில் பதில் இருந்தது. அதைச் சொன்னாலே ஆமாம் என்று சொன்னதாகிவிடும்.

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி முருகேசா" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு திரும்பித் தெருவைப் பார்த்தான்.

"மழ பேஞ்சிக்கினு இருக்குதுண்ணே" என்றான். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு, நனைந்தபடியே பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனான்.